நல்ல ட்ராம் நூதனசாலை எப்படி இருக்கும்: மலையகத்தில் ஒன்று தொடங்க நினைப்பவர்களுக்கு

மூடிக் கிடக்கும் பழைய ஸ்டோர் ஒன்றையோ பாவனையில் இல்லாத ரயில்வே குட்செட் ஒன்றையோ எடுத்து நூதனசாலை செய்யலாம் என்று எங்கள் பக்கத்தில் யாராவது பேச்செடுத்தால், உடனே வரும் கேள்வி "என்னென்ன சாமான் வைக்கலாம்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வருகிற ஆள் அங்கே தன் கையால் என்ன செய்யப் போகிறார்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு சாமான் தேடப் போங்கள்.

மலையில் ட்ராமே ஓடவில்லையே, அதைப் பார்த்து நாம் என்ன படிப்பது என்று கேட்கலாம். சரிதான், தெருவில் பதித்த தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் இந்த வண்டி இலங்கையில் ஓடியது கொழும்பில், கிராண்ட்பாஸ் பக்கமும் பொரளைப் பக்கமும், அறுபது வருடம் போல ஓடி 1960-இல் நின்றது. ஆனால் நம்மிடமும் அப்படிக் காணாமல் போன ஒன்று இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு, வெறும் 2 அடி 6 அங்குல அகலத் தண்டவாளத்தில், வளைந்து வளைந்து ஏறிய குட்டிக் கோச்சி. 1900-களின் தொடக்கத்தில் வந்தது, 1940-களோடு முடிந்தது. இப்படி ஓடி முடிந்து போன வண்டியை, அதைப் பார்த்தே இராத பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்பதுதான் உலகத்தில் எல்லா ட்ராம் நூதனசாலைக்காரரும் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம். அதில் சிலர் நன்றாகவே தேறியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் டார்பிஷயரில் கிரிச் என்று ஓர் ஊர். பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் தேசிய ட்ராம் நூதனசாலை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டியதும் கையில் ஒரு பழைய பென்னிக் காசைக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ட்ராமில் ஏறினால் கொண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் தருவார், வண்டி ஒரு மைல் தூரம் போகும். அந்த ஒரு காசு செய்யும் வேலையைப் பாருங்கள், அதுவரை பார்க்க வந்தவராக இருந்தவர் அந்த நிமிடத்திலேயே பயணியாகி விடுகிறார். நாம் பென்னி தேடி அலைய வேண்டியதில்லை. நம் ரயிலில் நெடுங்காலம் இருந்த அந்தத் தடித்த சின்ன அட்டை டிக்கெட்டைப் போல அச்சடித்து, தேதி குத்தும் மெஷின் ஒன்றையும் வாசலில் வைத்து, பிள்ளையையே 'டக்' என்று குத்த விடுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்த டிக்கெட் புத்தகத்துக்குள் கிடக்கும்.

ஒரு மைல் தண்டவாளம் மலையில் கனவுதான், சமதரை எங்கே இருக்கிறது? அதற்காக ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது. முப்பது மீட்டர் சமதளம் கிடைத்தாலும் போதும், கேங் ஆட்கள் பாதை பார்க்கத் தள்ளிக்கொண்டு போகிற ட்ரொலி மாதிரி ஒன்றை ஓடவிடலாம். பிரேக் கட்டாயம் வேண்டும், இரண்டு நுனியிலும் தடுப்புக் கட்டையும் வேண்டும், ஒரு பொறுப்பான ஆளும் கூடவே நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஓட்டாதீர்கள்.

ஓடாத வண்டி என்றால், தொட விடுங்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை மகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன், சுற்றிவரக் கயிறு, "தொடாதே" பலகை, அதில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். இத்தனைக்கும் உள்ளே இருந்தவை அருமையான சாமான்கள். எல்லாவற்றையும் திறந்து விடச் சொல்லவில்லை. ஒரே ஒரு வண்டியை, அல்லது பாதி வண்டியை, தேய்ந்தாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி வையுங்கள். ட்ராமில் எது பிள்ளைகளைப் பிடித்து வைக்கும் தெரியுமா? சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளினால் போகிற திசைக்குத் திரும்பிக்கொள்ளும் இருக்கை. வண்டி இரண்டு பக்கமும் ஓடும், ஆனால் திரும்ப முடியாது, அதனால் இருக்கைதான் திரும்பும். அப்புறம் சாரதி காலால் மிதித்து அடிக்கும் மணி. அந்த மணி நாள் முழுக்க அடித்துக்கொண்டேதான் இருக்கும், காவலாளி பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலகையில் எழுதி ஒட்டினால் யாரும் நின்று படிப்பதில்லை. செய்து காட்ட வேண்டும். ட்ராம் சாரதியின் கையில் இருக்கும் கைப்பிடி, மோட்டார்களை முதலில் தொடராக இணைத்து மெதுவாக இழுக்க வைத்து, பிறகு சமாந்தரமாக மாற்றி வேகம் கொடுக்கும். இது நம் பிள்ளைகள் ஓ/எல் விஞ்ஞானத்தில் படிக்கிற அதே தொடர், சமாந்தரம்தான்! ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, ஒரு திருகும் கைப்பிடி இருந்தால் போதும். கைப்பிடியின் முதல் நிலையில் இரண்டும் மங்கலாக எரியும், அடுத்ததில் பளிச்சென்று எரியும். சில ஆயிரம் ரூபாவுக்குள் பக்கத்துப் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியரே செய்து தருவார்.

இன்னொன்று மணல். ஈரத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும், அதற்காக ட்ராமுக்கும் மணல் பெட்டி உண்டு, நம் மலை ரயில் எஞ்சினுக்கும் உண்டு. நம் பாதை 44 அடிக்கு 1 அடி என்று ஏறுகிற இடங்கள் இருக்கின்றன, மழை வேறு. ஒரு துண்டுத் தண்டவாளத்தைச் சாய்த்து வைத்து, தண்ணீர் தெளித்து, கனமான ஒரு இரும்புக் கட்டையைக் கயிற்றால் மேலே இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். வழுக்கி இறங்கும். ஒரு கைப்பிடி மணலைத் தூவிவிட்டு மறுபடி விடச் சொல்லுங்கள். பட்டிப்பொலைக்கு, 1,800 மீட்டருக்கும் மேலே, மழையில் கோச்சி எப்படி ஏறுகிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

பழுது பார்க்கிற இடத்தை மறைக்காதீர்கள். கிரிச்சில் வொர்க்‌ஷொப்பை மேலே நின்று பார்ப்பதற்கு என்றே ஒரு மாடம் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் கேபிள் கார் நூதனசாலை, இன்றைக்கும் ஊரெல்லாம் வண்டியை இழுக்கிற கம்பியைச் சுற்றும் பெரிய சக்கரங்களுக்கு மேலேயே இருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? தேயிலை ஸ்டோரில் உருளை ஓடுவதைப் பார்க்கத்தானே சுற்றுலாக்காரர் வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது எனக்கு முக்கியமானது. வண்டி தானாக ஓடவில்லை. 1929-இல் கொழும்பு ட்ராம் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள், அது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. கொழும்பு ட்ராமைப் பற்றி வண்டியின் நிறம், மோட்டாரின் பலம் எல்லாம் எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அது அரைகுறைக் கதை. மலையில் பாதை போட்ட, இன்றும் மண்சரிவில் மண் அள்ளுகிற கைகளில் நம் ஆட்களின் கை எத்தனை! கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களுக்குள்ளேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைத்திருக்கிறார்கள். அம்மிக்கல்லும் கொழுந்துக் கூடையும் அவை புழங்கிய இடத்திலேயே இருக்கின்றன. போய்ப் பாருங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்த உணர்வு வராது.

அதனால் ஓய்வுபெற்ற சாரதி, கேங் ஆள், ஸ்டேஷன் போர்ட்டர், இவர்களின் பேச்சை இப்போதே போனில் பதிவு செய்யுங்கள், கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒற்றைப் பாதையில் போகலாம் என்பதற்கு அடையாளமாகச் சாரதிக்குக் கொடுக்கும் டெப்லட் வளையத்தை ஓடும் வண்டியிலிருந்து எப்படி மாற்றினார்கள், மூடுபனியில் சிக்னல் தெரியாதபோது என்ன செய்தார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பலகை மூன்று மொழியிலும் இருக்கட்டும், ஆனால் தமிழைத் தமிழிலேயே எழுதுங்கள், மற்ற மொழியிலிருந்து பெயர்த்த வரி வேண்டாம். எழுதியதை அந்தக் கேங் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டி, "நாங்க அப்படிச் சொல்றதில்லையே" என்று அவர் சொல்லும் இடத்தையெல்லாம் மாற்றுங்கள்.

பராமரிப்பில் நம் எதிரி ஈரம். மரப் பெட்டி வண்டியை வெளியில் விட்டால் நாலைந்து மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அடிச்சட்டம் உளுத்துவிடும். காற்றோட்டமுள்ள கூரைதான் முதல் செலவு, பெயின்ட் கடைசி. பெயின்ட் அடிக்க முன்னர் ஓரிடத்தில் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள், பழைய நிறங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த இடத்தை அப்படியே விட்டு, சுற்றிச் சட்டம் போட்டுவிடுங்கள், அதுவே ஒரு காட்சிப் பொருள்.

வருகிறவர் வசதி பற்றி சுருக்கமாக. கடுகண்ணாவை ரயில் நூதனசாலை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கோச்சியில் வந்து இறங்கி நடந்துவிடலாம், உங்களுக்கும் அப்படி இடம் கிடைத்தால் விடாதீர்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை போடுங்கள், கிரிச்சில் பெர்லின் ட்ராம் ஒன்றையே அதற்காக மாற்றி வைத்திருக்கிறார்கள். சுத்தமான கழிப்பறை, வயதானவர் உட்கார வாங்கு, சூடான பிளேன்டீ. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் திறங்கள், தோட்டத்துச் சனத்துக்கு அன்றைக்குத்தான் லீவு. உள்ளூர்ப் பிள்ளைகளிடம் காசு வாங்காதீர்கள்.

பெரிதாகத் தொடங்க வேண்டும் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் சீஷோர் ட்ராம் நூதனசாலை, 1939-இல் சில பேர் சேர்ந்து 150 டொலருக்கு வாங்கிய ஒரே ஒரு பழைய ட்ராமில் தொடங்கியது. உங்களிடம் ஒரு தேதி குத்தும் மெஷினும், பேச விரும்பும் ஒரு கேங் தாத்தாவும், நனையாத ஒரு அறையும் இருந்தால், வருகிற ஞாயிறே பக்கத்து லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிடலாம்.