பத்து பால்மரம், பத்து துண்டுச்சீட்டு: இரண்டு குழுக்களை ஒப்பிடும் கருதுகோள் சோதனை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோல கெட்டில் பக்கம் செம்பனை எவ்வளவு இடத்தைப் பிடித்தாலும், இரண்டு மூன்று ஏக்கர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காப்பிக் கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்: "மருந்து பூசுன மரம் நல்லா பால் குடுக்குதுண்ணே." எதிரில் இருப்பவர் விடமாட்டார்: "மழை நின்னுச்சு, பால் கூடுச்சு. மருந்தாவது மண்ணாங்கட்டியாவது!"

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் கருதுகோள் சோதனை. மருந்து என்பது எத்தஃபோன். பட்டையில் பூசினால் எத்திலீன் வாயு வெளிப்படும், வெட்டுவாய் சீக்கிரம் அடைபடாது, பால் கூடுதல் நேரம் வடியும்.

படி 1: மரங்களைப் பிரிப்பது

கணக்கைவிட இதுதான் முக்கியம். ஒரே ரகம், ஒரே வயது, ஒரே வெட்டுக்காரர் என்று பத்து மரங்களை எடுங்கள். எந்த ஐந்துக்கு மருந்து என்பதை நீங்கள் முடிவு செய்யக்கூடாது. எண்களைச் சீட்டில் எழுதி, மில்லோ டின்னில் போட்டுக் குலுக்கி ஐந்தை எடுங்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கை தானாகவே நல்ல மரத்துப் பக்கம் போகும்.

வெட்டும் நேரமும் கலந்திருக்க வேண்டும். விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறையும். மருந்து மரங்களை ஆறு மணிக்கும் மற்றவற்றைப் பத்து மணிக்கும் வெட்டினால், நீங்கள் அளப்பது மருந்தை அல்ல, சூரியனை. எந்தச் சூத்திரமும் இதைப் பிறகு சரிசெய்யாது.

படி 2: இரண்டு கூற்றுகள்

இன்மைக் கருதுகோள்: மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை. மாற்றுக் கருதுகோள்: வித்தியாசம் உண்டு. காப்பிக் கடையில் மறுத்துப் பேசியவர் சொன்னதுதான் முதலாவது. அவர் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டுதான் சோதனை தொடங்குகிறது.

அவர் சொல்வது சரி என்றால் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் அவர் கூற்றைக் கைவிடுவது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். வழக்கமாக 0.05. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வசதியான எல்லை என்று சொன்னது, அவ்வளவுதான், வேதவாக்கு இல்லை.

படி 3: அளவுகள்

விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு வெட்டில் மங்கில் (பால் வடியும் கோப்பையில்) சேர்ந்த பால், மில்லிலிட்டரில்:

மருந்து இல்லாமல்: 110, 125, 130, 140, 145. சராசரி 130.
மருந்தோடு: 135, 150, 155, 160, 175. சராசரி 155.

வித்தியாசம் 25 மில்லி. பலர் இங்கேயே "பார்த்தீர்களா!" என்று எழுந்துவிடுவார்கள். ஆனால் மருந்தே இல்லாத ஐந்து மரங்களுக்குள்ளேயே 35 மில்லி ஏற்றத்தாழ்வு இருக்கிறதே?

படி 4: சீட்டுகளைக் கலைப்பது

பாடநூல்கள் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கையால் செய்து பாருங்கள்.

பத்து அளவுகளையும் பத்து சீட்டில் எழுதுங்கள். மருந்தால் ஒன்றுமில்லை என்றால், எந்த மரத்துக்கு மருந்து பூசியிருந்தாலும் அதே பால்தான் வந்திருக்கும். ஆக, சீட்டுகளைக் கலைத்து, ஐந்தை 'மருந்து' என்றும் மீதியை 'இல்லை' என்றும் பிரிப்பது நியாயமே. சராசரிகளின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கலையுங்கள், மறுபடி குறியுங்கள். சில தடவையிலேயே தெரிந்துவிடும்: பெரும்பாலும் 5, 9 என்றுதான் வரும், 25 லேசில் வராது.

பத்திலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 252 வழிகள். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், மருந்துப் பக்கம் 25 அல்லது அதற்கு மேல் கூடுவது 4 வழிகளில் மட்டுமே. மறுபக்கம் அதே அளவு கூடுவதும் 4 வழிகளில். மருந்து பாலைக் குறைக்கவும் கூடும் என்பதால் இரண்டு பக்கமும் சேர்க்கிறோம். 252-க்கு 8, அதாவது 0.032. இதுதான் பி-மதிப்பு.

இதைத் தப்பாகப் படிப்பவர்கள் ஏராளம். மருந்து பயனற்றதாக இருக்க 3.2 சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. மருந்து பயனற்றது என்றே வைத்துக்கொண்டாலும், குலுக்கலில் மட்டும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வர 3.2 சதவீத வாய்ப்பு. நிபந்தனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

படி 5: டி-சோதனை

மரம் நூறானால் சீட்டுக் கலைத்து மாளாது. சிறிய மாதிரிகளுக்கான வழியை டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இங்கே அதன் பிற்காலத் திருத்தமான வெல்ச் முறையைப் பயன்படுத்துவோம். இரு குழுக்களின் பரவல் சமமாக இருக்க வேண்டும் என்று அது கேட்காது.

பரவற்படிகள் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்கள்) 187.5, 212.5. ஒவ்வொன்றையும் 5-ஆல் வகுத்துக் கூட்டினால் 80. அதன் வர்க்கமூலம் 8.94. வித்தியாசம் 25-ஐ அதனால் வகுத்தால் 2.80, இதுதான் டி-மதிப்பு. இதற்கான பி-மதிப்பு சுமார் 0.023.

எக்செல்லில் டி.டெஸ்ட் (T.TEST) கட்டளைக்குள் முதல் குழு, இரண்டாம் குழு, அடுத்து 2, கடைசியில் 3 என்று கொடுங்கள். 2 என்றால் இருபக்கச் சோதனை, 3 என்றால் வெல்ச் முறை.

படி 6: முடிவை எழுதுவது

0.05-க்குக் கீழே வந்துவிட்டது, இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம். அதோடு நிறுத்தாதீர்கள். 95 சதவீத நம்பக இடைவெளியை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகளை) போட்டுப் பார்த்தால், கூடுதல் பால் 4 மில்லியாகவும் இருக்கலாம், 46 மில்லியாகவும் இருக்கலாம். மருந்துச் செலவு கட்டுமா என்று கேட்பவருக்கு இந்த அகலம்தான் பதில்: பத்து மரம் போதாது.

இன்னொன்று, மருந்து பூசிய மரத்தின் பாலில் ரப்பர் விகிதம் குறைய வாய்ப்புண்டு. விற்கப்போவது ரப்பரை என்றால் மில்லிலிட்டரை விட்டுவிட்டு, உலர்ந்த ரப்பரின் எடையை எடுத்துக்கொண்டு படி 3-லிருந்து மறுபடி செய்யுங்கள்.