மேசையில் மாட்டும் மைக் ஆர்ம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் மைக்கை எடை போடுங்கள். ஷாக் மவுண்ட் (அதிர்வைத் தடுக்கும் பிடி), பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றைத் தடுக்கும் திரை) எல்லாம் மாட்டியபடியே. ஷூர் எஸ்எம்7பி மைக் மட்டுமே சுமார் 765 கிராம் வரும். ஆர்ம் தாங்கும் அதிகபட்ச எடையை எல்லோரும் பார்க்கிறார்கள், குறைந்தபட்சத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் ஆர்மில் அதுதான் காலை வாரும். ரோட் பிஎஸ்ஏ1 ஆர்முக்கு 700 கிராம் முதல் 1.1 கிலோ வரை கணக்கு. 300 கிராம் மைக்கை அதில் மாட்டினால், கையை விட்டதும் மேலே எழும்பிவிடும்.

அடுத்து மேசை. பலகையின் தடிமனை அளந்து, ஆர்மை விளிம்பில் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் அவ்வளவு விரியுமா என்று பாருங்கள். விளிம்புக்கு அடியில் இரும்புச் சட்டம் ஓடினால் கிளாம்ப் உட்காராது. பார்ட்டிகிள் போர்டு மேசையில் திருகை இறுக்கினால் அடிப்பக்கம் நசுங்கும், பிறகு ஆர்ம் ஆடத் தொடங்கும். திருகுக்கும் பலகைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளைவுட் துண்டு கண்டிப்பாக வையுங்கள்.

மைக்கின் மரை 5/8 அங்குலமா, 3/8 அங்குலமா? ஆர்மின் மரையோடு பொருந்தாவிட்டால் சின்ன அடாப்டர் போதும்.

கேபிளைக் கட்டும்போது ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இழுத்துக் கட்டினால், ஆர்மை நீட்டும்போதெல்லாம் மைக்கில் செருகிய எக்ஸ்எல்ஆர் பிளக்கில்தான் இழுவை விழும்.