சுசீந்திரத்திலிருந்து வடசேரிக்குச் சைக்கிளில்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரத்தில் குடியிருந்து, நாகர்கோவில் வடசேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான், சுமார் ஏழு கிலோமீட்டர் தொலைவை நான்கு ஆண்டுகளாகச் சைக்கிளில் போய் வருகிறேன். என்னைப் பார்த்துத் தொடங்கிய நண்பர்கள் பலர் ஒரு மாதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அவர்களுள் ஒருவர்கூடக் கால் வலிக்கிறது என்று நிறுத்தவில்லை. வேர்த்து ஒட்டிய சட்டையோடு மேலதிகாரி முன் நிற்க நேர்ந்தது, மழையில் கோப்புகள் நனைந்தன, பஞ்சராகி அரை நாள் விடுப்புப் போனது என்று சின்னச் சின்னச் சங்கடங்களே அவர்களை மீண்டும் பைக்குக்கும் பேருந்துக்கும் திருப்பின. இவை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே செய்துவைக்கக்கூடிய ஓர் ஏற்பாடு உண்டு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஏற்பாடுகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

1. வழியை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பாருங்கள்

அலுவலகம் இல்லாத ஒரு நாள் காலையில், அவசரம் எதுவுமின்றி முழு வழியையும் ஒருமுறை போய் வாருங்கள். ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வேலை நாளுக்கு அதோடு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது தொடக்கநிலையாளருக்கு இயல்பான வேகம். அந்தக் கணக்கில் எனக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது.

நம் மாவட்டத்தில் நிலத்தின் போக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் பெரும்பாலும் வயலும் குளமுமாகச் சமமாக இருப்பதால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று மேற்கே போகப் போக, கல்குளம், விளவங்கோட்டு நிலம் ரப்பர் தோட்டங்களினூடே ஏறியும் இறங்கியும் செல்கிறது. அங்கே வசிப்பவர்கள் கியர் சைக்கிள் வாங்குவதே நல்லது. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதிலும் குறைவு ஒன்றுமில்லை. தினமும் இரண்டு இடங்களில் தள்ள வேண்டியிருந்தால், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவதாக ஒரு மாற்று வழியையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். மார்கழித் திருவிழாவில் சுசீந்திரத்து ரதவீதிகளிலும், டிசம்பர் 3-ஆம் தேதியை ஒட்டிக் கோட்டாறு சவேரியார் கோயில் சுற்றுவட்டாரத்திலும் கூட்டம் நிறைந்திருக்கும் நாள்களில் வழக்கமான சாலை உதவாது.

2. சைக்கிளை உங்கள் உடலுக்குப் பொருத்துங்கள்

புதிதாக ஓட்டுபவர்கள் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகச் சீட்டை இறக்கிவைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் மூன்று வாரம் ஓட்டி, முழங்கால் வலியோடு கோட்டாற்றில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் என்னைச் சீட்டில் ஏற்றி உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "மக்களே, சீட்டு எறங்கிக் கெடந்தா முட்டுதான் போவும், ஏத்தி வையி" என்றார். அவர் காட்டிய அளவு இதுதான்: சீட்டில் அமர்ந்து, பெடல் அடிப்பக்கம் வரும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால், முழங்கால் அப்போது இலேசாக மடங்கி நிற்கும். சீட்டை ஏற்றிய ஒரே வாரத்தில் எனக்கு வலி நின்றது.

புதிய சைக்கிள் வாங்குபவர்கள் இரு சக்கரத்துக்கும் மட்கார்டு, செயினுக்கு மூடி, பின்னால் கேரியர் ஆகிய மூன்றும் உள்ளதையே வாங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் மாவட்டத்தில், மட்கார்டு இல்லாத சைக்கிள் முதுகு முழுக்கச் சேற்றை வாரி இறைத்துவிடும். புடவையோ துப்பட்டாவோ அணிபவர்களுக்குப் பின்சக்கர வலையும் கட்டாயம் வேண்டும்.

3. புறப்படுமுன் ஒரு நிமிடச் சோதனை

கட்டைவிரலால் இரண்டு டயரையும் அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்கினால் காற்றடிக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் மிதிக்கக் கனப்பதோடு, பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப்பை நசுக்கி ஓட்டையும் ஆக்கிவிடும். அடுத்து, இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் செயின் தடையின்றி ஓடுகிறதா என்று கவனியுங்கள். மாலையில் இருட்டிவிடும் நாள்களுக்குப் பின்புறச் சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டால் சோதனை முடிந்தது.

4. உடையும் வேர்வையும்

கடற்கரைக்கு அருகிலிருக்கும் ஊர்களில் காலை ஏழரை மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வேர்க்கும். இதைத் தவிர்க்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப நடந்துகொள்வதே வழி. பழைய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். அலுவலகச் சட்டையைத் தேய்த்து மடித்து, பாலிதீன் உறையிலிட்டு, பையில் வைத்துக் கேரியரில் கட்டிவிடுங்கள். பையை முதுகில் மாட்டினால் முதுகு இருமடங்கு வேர்க்கும். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் உடனே சட்டை மாற்றக் கூடாது. சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான் வேர்வை பெருகிவரும் என்பதால், பத்து நிமிடம் நிழலில் நின்று, முகமும் கழுத்தும் கழுவி, துண்டால் துடைத்த பிறகே மாற்ற வேண்டும். திங்கட்கிழமையன்று இரண்டு சட்டைகளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடுவது என் வழக்கம்.

வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். நேரமில்லாத நாளில் நான் இரண்டு மட்டி வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவேன். விரல் நீளமே உள்ள அந்தப் பழம் வயிற்றுக்கு இலேசாகவும் வழிக்குப் போதுமானதாகவும் இருக்கிறது.

5. சாலையில் உங்கள் இடம்

பயத்தினால் தாரின் விளிம்பையே ஒட்டி ஓட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நம் சாலைகளின் ஓரத்தில் மணல் படிந்திருக்கும். தாருக்கும் மண்ணுக்கும் இடையே நாலு விரல் உயரத்துக்குப் படிபோல் பள்ளம் இருக்கும். அதில் இறங்கிய முன்சக்கரம் திரும்ப ஏறும்போது வழுக்கி ஆளைச் சாலையின் உள்பக்கமாகவே தள்ளும். எனவே விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எங்கே போகப்போகிறீர்கள் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அவருடைய ஹார்ன் ஒலிக்குப் பதறித் திடீரென விலகுவதுதான் ஆபத்து.

திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் பாருங்கள், கையை நீட்டுங்கள், அதன் பிறகே திரும்புங்கள். கோட்டாற்றுச் சந்தைப் பகுதியில் காலை நேரத்தில் லாரிகளில் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதற்கு எனக்கு மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடத்தை நான் ஒருநாளும் மிச்சம்பிடிக்க முயன்றதில்லை.

கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு நெற்பருவங்களின் அறுவடைக் காலங்களில் வயலோரச் சாலைகளில் வைக்கோலைப் பரப்பி உலர்த்துவதுண்டு. அதன்மேல் ஏறி ஓட்டினால் வைக்கோல் பிரீவீலிலும் செயினிலும் சுற்றிக்கொண்டு பெடலை இறுக்கிவிடும். இறங்கித் தூக்கிக் கடப்பது நல்லது. காயப்போட்டவர்களின் உழைப்பும் மிதிபடாது.

6. ஆனி, ஆடிக் காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேலைக்காற்றுதான் சைக்கிளில் போகும் நம்மையும் பிடித்து நிறுத்துகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும். அதாவது, 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்களுக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், காற்றில்லாத நாளைப்போல நான்கு மடங்கு எதிர்ப்பைத் தாண்ட வேண்டும். முதல் ஆண்டு ஆடி மாதத்தில் இதை அறியாமல் வழக்கமான வேகத்தைக் காப்பாற்ற நினைத்துப் பழையாற்றுப் பாலத்திலேயே மூச்சு வாங்கி நின்றேன். காற்று நாளில் வேகத்தை மறந்துவிடுங்கள். மிதிக்கும் பலத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, முழங்கைகளை மடக்கி உடலைச் சற்றுத் தாழ்த்தி, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். தோவாளைப் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு மேற்கு நோக்கி வருபவர்களுக்கு இருபது நிமிடம்கூடத் தேவைப்படலாம். காற்று பொதுவாக விடியலில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். மாலையில் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது, சுசீந்திரம் கோபுரம் கண்ணில் படும்வரை பெடலை மிதிக்கிற நினைவே இருக்காது.

7. மழை

தென்மேற்குப் பருவத்தின் சாரல் நனைக்குமே தவிர ஓட்டுவதைத் தடுக்காது. மேல்சட்டை, கால்சட்டை என இரண்டாகப் பிரிந்த மழைக்கோட்டு வாங்குங்கள்; ஒரே அங்கியாகத் தொங்குவது காற்றில் பாய்போல் விரிந்து சைக்கிளை இழுக்கும். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டவே கூடாது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஐப்பசி மாலையில் இடலாக்குடி அருகே முன்னால் சென்ற ஆட்டோ நின்றது. நான் இரண்டு பிரேக்கையும் முழுதாகப் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் அதன் பின்புறம் போய் மோதியது. கையில் தோல் வழன்றதோடு போயிற்று. இரும்பு ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் கட்டை அதன்மேல் தண்ணீர்ப் படலத்தில் வழுக்குமே ஒழியப் பிடிக்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னதாகவே பிரேக்கை இலேசாகப் பிடித்து, சக்கரம் சில சுற்றுச் சுற்றி ரிம்மின் நீர் வழிக்கப்பட்ட பிறகு அழுத்திப் பிடியுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடி, மின்னலோடு மழை வரும். வயல்வெளிக்கு நடுவிலும் தனித்து நிற்கும் மரத்தடியிலும் நிற்காமல், கட்டடம் உள்ள இடத்தில் ஒதுங்கி, இடி ஓய்ந்த பின்னரே கிளம்புங்கள். சாலையில் வெள்ளம் ஓடினால் அதில் இறங்காதீர்கள். அடியில் உள்ள பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று கண்டவர்களுக்கு, புயல் எச்சரிக்கை நாளில் சைக்கிளை எடுக்கக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

8. பஞ்சர்

இதை வீட்டில் ஒருமுறையாவது செய்து பழகிய பிறகே வேலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்குங்கள். பையில் சிறிய பம்பு, இரண்டு டயர் லிவர், உப்புத்தாள், சொல்யூஷன் எனப்படும் ஒட்டுப்பசை, ஒட்டுத் துண்டுகள் இருந்தால் போதும்.

காற்று இறங்கினால் முதலில் வால்வைச் சந்தேகியுங்கள். காற்றடித்துவிட்டு, வால்வின் வாயில் விரலால் ஒரு சொட்டு எச்சிலை வையுங்கள். அது குமிழிட்டு உப்பினால் உள்ளே இருக்கும் வால்வு ரப்பர் விரிந்துவிட்டது என்று பொருள். புது ரப்பர் மாட்டினால் வேலை முடிந்தது. குமிழ் வரவில்லை என்றால் டியூப்பில்தான் ஓட்டை.

சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். வால்வைக் கழற்றி மிச்சக் காற்றை விட்டு, டயரின் ஒரு பக்க விளிம்பை லிவரால் நெம்பி ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூப்பை உருவுங்கள். வால்வை மறுபடி மாட்டிக் கொஞ்சம் காற்றடித்து, வாய்க்கால் தண்ணீரில் பகுதி பகுதியாக அமுக்குங்கள். நம் ஊரில் வாய்க்கால் இல்லாத சாலை குறைவு என்பது இந்த ஒரு வேலைக்குப் பெரிய வசதி. ஊசிமுனைபோல் ஓரிடத்திலிருந்து குமிழ்கள் வரிசையாக எழும். அந்த இடத்தை விரலால் பொத்தி எடுத்து, பேனாவால் வட்டமிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மினுமினுப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிடச் சற்றுப் பெரிய அளவில் மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள்.

டியூப்பைத் திரும்ப உள்ளே வைக்குமுன், டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முழுச் சுற்றும் பாருங்கள். பெரும்பாலும் உடைமுள் ஒன்று வெளியே ஒடிந்து, உள்ளே முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் மூடினால் நூறு மீட்டரில் மறுபடியும் இறங்கவேண்டிவரும்.

9. வாரம் ஒருமுறை

உப்புக்காற்றில் செயின் விரைவில் துருப்பிடிக்கும். வீட்டில் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதையே ஊற்றுபவர்கள் உண்டு; அது நாளடைவில் பிசுபிசுத்து, தூசியை வாரிச் சேர்த்து, செயினைக் கறுப்புக் களிம்பாக்கிவிடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக உள்பக்கத்தில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சக்கரம் சுற்றும்போது ரிம் இரு பக்கமும் ஆடினால், தாமதிக்காமல் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள், ஒரு கம்பியைக் கூடுதலாக இறுக்கினாலே சக்கரம் முழுவதும் கோணிவிடும்.

முதல் மாதத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் சைக்கிளில் போனால் போதும். செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொண்டால் இடையில் ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும், திங்களன்று கொண்டுபோய் வைத்த சட்டைகள் இரண்டும் சரியாக அந்த இரண்டு நாளுக்கு ஆகும்.