முதற்காதலை மீண்டும் தொடர்புகொள்ள, திருகோணமலைக்காரருக்கு

முதலில் பழைய வகுப்புத் தோழர் ஒருவரிடம் விசாரியுங்கள்: ஆள் இருக்கிறாரா, எங்கே, குடும்ப நிலை என்ன. 1990 இடப்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. விசாரிக்காமல் "எப்பிடிச் சுகம்?" என்று எழுதினால், மகன் பதில் எழுத நேரலாம்.

உங்களுக்குத் துணை இருந்தால் அவருக்குச் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

முதல் செய்திக்கு நாலு வரி போதும்: பெயர், படித்த ஆண்டு, நலம் விசாரிப்பு, "விருப்பமெண்டால் மட்டும் பதில் போடுங்கோ." பழைய படமும் குரல்பதிவும் வேண்டவே வேண்டாம், அவருடைய வாட்ஸ்அப்பைப் பேரப்பிள்ளையும் திறக்கும். டொரொண்டோ என்றால் நேரம் கோடையில் 9½, குளிரில் 10½ மணி பிந்தும். இங்கே இரவு 8 மணிக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

சந்திப்பதென்றால் டச்பே கடற்கரை, பின்னேரம் நாலரை, ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயில் சரிவராது. இரு பக்கச் சொந்தமும் அங்கேதான் நிற்கும்.