ஃபாரோ தீவுகளின் லீக்கைப் பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்மார்க் அரசின் கீழ் வரும் சின்னத் தீவுக்கூட்டம் ஃபாரோ. அதன் கால்பந்து என்றதும் வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் ஒன்று உண்டு. கடலை ஒட்டி ஒரு பச்சை மைதானம், பின்னால் மலை, கோல் கம்பத்துக்கு அந்தப் பக்கம் அலை. ‘உலகின் அழகான லீக் மைதானம்’ என்று ஒரு வரியும் கூடவே வரும். அது எய்டி கிராமத்தின் பழைய மைதானம். இப்போது அங்கே சுற்றுலா வருபவர்கள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் இபி/ஸ்ட்ரெய்மர் அணி ஆடுவது ஸ்ட்ரெய்ம்னெஸ் என்ற வேறு ஊரில். நானும் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியவன்தான், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்தது சீசன் கணக்கு. ஐரோப்பா என்பதால் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும் என்று நினைத்து ‘2023-24 சீசன்’ என்று எழுதிவிடுகிறோம். ஃபாரோவில் குளிர்காலத்தில் ஆட முடியாது. மார்ச் வாக்கில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடித்துவிடுவார்கள். ஒரே ஆண்டு, ஒரே சீசன்.

இது வெறும் எழுத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது. ஐரோப்பியக் கோப்பைகளின் தகுதிச் சுற்றுகள் ஜூலையில் வருகின்றன. பெரிய நாட்டு அணிகள் அப்போதுதான் விடுமுறை முடிந்து உடம்பை வளைக்கத் தொடங்கியிருக்கும். ஃபாரோ அணிக்கோ அது பாதி சீசன், கால்கள் நல்ல சூட்டில் இருக்கும். 2023 ஜூலையில் க்ளாக்ஸ்விக் ஊரின் கேஐ அணி புடாபெஸ்டுக்கே போய் ஃபெரன்ஸ்வாரோஸை 3-0 என்று அடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு. அடுத்த சுற்றில் ஸ்வீடனின் ஹெக்கன் அணியைப் பெனால்டியில் வென்றார்கள். ஐரோப்பியப் போட்டியின் குரூப் சுற்றுக்குள் நுழைந்த முதல் ஃபாரோ கிளப் அதுதான். அங்கே பிரான்சின் லீல் அணியோடு 0-0 என்று சமன் செய்தார்கள்.

‘அமெச்சூர்’ என்ற சொல்லிலும் வழுக்கி விழுகிறோம். மொத்த மக்கள்தொகையே சுமார் 55,000. பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்று ஓடுபவர்கள் இந்த லீக்கில் நிறைய. சம்பளத்துக்கு ஆடுபவர்களும் உண்டு. முழுக்க அமெச்சூர் என்பதும் சரியில்லை, முழுத் தொழில்முறை என்பதும் சரியில்லை. பகுதிநேரம் என்பதால் பலவீனம் என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. 1990இல் ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்திய தேசிய அணியும் இப்படிப்பட்டவர்களால் ஆனதுதான். (அந்த ஆட்டம் ஃபாரோவில் நடக்கவில்லை. தகுந்த புல் மைதானம் இல்லாததால் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் நடந்தது. இதையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள்.)

புள்ளிப் பட்டியலை நடுவில் பார்த்து ஜோசியம் சொல்லாதீர்கள். 10 அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு மூன்று முறை, ஆக 27 ஆட்டங்கள். மூன்று என்பது ஒற்றைப்படை. அதனால் ஓர் எதிரணியைச் சொந்த மண்ணில் இரண்டு முறை சந்திப்பீர்கள், இன்னொன்றை ஒரே முறை. காற்று பலமாக அடித்தால் ஆட்டம் தள்ளிப்போகும். முக்கியத் தீவுகளைக் கடலடிச் சுரங்கப்பாதைகள் இணைத்துவிட்டன. ஆனால் தெற்கே சுதுரோய் தீவுக்கு இன்னும் சுமார் இரண்டு மணி நேரக் கப்பல் பயணம்தான். 1892இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய கிளப்பான டிபி அங்கேதான் இருக்கிறது. அவர்கள் மேல் டிவிஷனில் இருக்கும் ஆண்டில் பட்டியலைப் பார்க்கும்போது, யார் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்.

தலைநகர் டோர்ஷாவ்னின் எச்பி, பி36 இரண்டுக்கும் குண்டதாலூரில்தான் மைதானம். இவர்கள் மோதும்போது ‘வெளியூர் ஆட்டம்’ என்று எழுதுவது சிரிப்பாக இருக்கும். பி36இல் உள்ள 36, கிளப் பிறந்த 1936ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

பழைய பதிவுகளைத் தேடுபவர்களுக்கு இரண்டு பொறிகள். லீக் 1942இல் தொடங்கியது, ஆனால் 1944இல் நடக்கவே இல்லை. போர்க்காலம், பந்து கிடைக்கவில்லை! ஆண்டைக் கழித்து சீசனை எண்ணினால் பிசகும். அப்புறம், ‘முதல் டிவிஷன்’ என்ற பெயர் 2004 வரை மேல்மட்ட லீக்குக்கு இருந்தது. இப்போது அது இரண்டாம் மட்டம். அதில் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் ஆடும். அவை முதலிடம் பிடித்தாலும் மேலே ஏற முடியாது.

கடைசியாக மணி. ஃபாரோ டென்மார்க் அரசின் கீழ் வருவதால் டென்மார்க் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம். ஃபாரோ அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். கோடையில் அங்கே மாலை 6 மணி என்றால் சென்னையில் இரவு 10:30. டென்மார்க் கணக்கில் போனால் 9:30க்கே உட்கார்ந்து காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காற்றில் ஆட்டமே தள்ளிப்போன நாளில் 10:30க்கும் அதே திரைதான்.