கணக்குக்குள்ளேயே வற்றிய குளம்: கோல்பேக் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரணைமடுக் குளத்திலிருந்து சிறுபோக நெற்செய்கைக்கு வாரவாரம் எவ்வளவு தண்ணீர் திறக்கலாம் என்று கணிக்க, கிளிநொச்சித் தம்பி ஒருவர் பைத்தனில் நிரல் எழுதினார். 15 வாரம், 15 மாறி. மாறிகளை மாற்றி மாற்றிச் சிறந்த விடையைத் தேடும் வேலைக்கு, பைத்தனின் கணித நூலகமான சைபையின் எஸ்எல்எஸ்க்யூபி முறை. ஓடவிட்டவர் உடனே கோல் எடுத்தார்: "அண்ணா, முதல் சுற்றிலேயே குளம் வத்திட்டுது!"

நிரலைத் திறந்து பார்த்தேன். குளத்தின் நீரளவை, கணக்கைச் செய்யும் சார்புக்கு வெளியே ஒரு பொது மாறியில் வைத்திருந்தார். சார்பு ஓடும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து 15 வாரத் தண்ணீரும் கழிந்தது. ஒரே ஒரு தடவை ஓடினால் சரிதான். ஆனால் இது கோல்பேக், அதாவது நாம் எழுதிக் கொடுக்க மென்பொருள் கூப்பிடும் சார்பு. அதை எப்போது, எத்தனை தடவை கூப்பிடுவது என்பது மென்பொருளின் கையில் இருக்கிறது. படித்திறனை, அதாவது ஒவ்வொரு மாறியும் சற்று மாறினால் விடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதை, நாம் கொடுக்காவிட்டால், அது ஒவ்வொரு மாறியையும் 10⁻⁸ அளவில் அசைத்துப் பார்க்கும். நின்ற இடத்தில் ஒன்று, அசைவுக்கு ஒன்றாக 15. மொத்தம் 16 தடவை. ஒரு படித்திறனுக்கே 16 சிறுபோகத் தண்ணீர் போய்விடும்! குறைந்துபோன தண்ணீரால் வந்த வித்தியாசத்தை அந்தச் சின்ன அசைவால் வகுப்பதால் படித்திறனும் கோடி மடங்கு ஊதிவிடும். அதை நம்பி எந்தத் திசையில் போனாலும் பிழைதான்.

தொடக்க நீரளவைச் சார்புக்குள்ளேயே ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுங்கள். மென்பொருளிடம் கொடுக்க முன், ஒரே எண்களோடு சார்பை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் அங்கேயே நில்லுங்கள்.

அடுத்தது துருசு, அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு. துருசால் பாயும் நீர், அதற்கு மேல் நிற்கும் நீருயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மென்பொருள் தேடும்போது நீருயரம் பூச்சியத்துக்குக் கீழே போய் மறை எண்ணாகும் இடத்தையும் தொட்டுப் பார்க்கலாம். அங்கே பலர் பூச்சியத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். இழிவை, அதாவது மிகக் குறைந்த மதிப்பைத் தேடும் கணக்கில் அது பெரிய ஆபத்து. பூச்சியம்தான் மிக நல்ல விடை என்று மென்பொருள் நம்பிவிடலாம். இதே வேலையைச் செய்யும் ஐபிஒப்ட் என்ற மென்பொருளின் சி++ இடைமுகத்தில் "கணிக்க முடியவில்லை" என்பதற்கு 'பொய்' என்ற மதிப்பைத் திருப்பலாம்; அது எடுத்துவைக்கும் அடியைக் குறுக்கி மறுபடி முயலும்.

என்எல்ஒப்ட் என்ற இன்னொரு மென்பொருளைப் பைத்தனில் பயன்படுத்தும்போது, படித்திறனைப் புதிய அணியாக (எண்களின் வரிசையாக) உருவாக்கி அதே பெயரில் வைத்தால் மென்பொருளுக்குப் போய்ச் சேராது. அது தந்த அணிக்குள்ளேயே எண்களை நிரப்ப வேண்டும்.

அப்புறம், முன்னேற்றத்தைப் பதியும்போது மாறி அணியை நகலெடுத்தே பட்டியலில் சேருங்கள். சில மென்பொருள்கள் ஒரே அணியைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதும். நகல் இல்லாவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே எண்கள்தான் கிடக்கும்.