துருவைவிட அவசரம் அதிகம் கெடுக்கும்: பழைய இங்கிலாந்து சைக்கிள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபது ஆண்டுகள் ஈரக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்து பிழைத்த ஓர் இங்கிலாந்து சைக்கிள், புதிய உரிமையாளரின் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே மீட்க முடியாத சேதத்தை அடைவது அடிக்கடி நடக்கிறது. துரு மெதுவாகத்தான் தின்னும். ஆர்வத்தோடு எடுத்த உப்புத்தாளும் சுத்தியலும் ஒரே பிற்பகலில் வேலையை முடித்துவிடும். எனவே இங்கே பேசப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வருபவை அல்ல, அன்பு மிகுதியால் வருபவை.

1880களின் இறுதியில் நாட்டிங்காமின் ராலி வீதியில் இருந்த சிறு பட்டறையை ஃபிராங்க் பவுடன் வாங்கி ராலி நிறுவனமாக வளர்த்தெடுத்தார். பர்மிங்காம், கோவென்ட்ரி, வுல்வர்ஹாம்ப்டன் நகரங்களிலும் பெரிய ஆலைகள் எழுந்தன. அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு இந்த ஆலைகள் ஏறக்குறைய ஒரே அடிப்படை வடிவத்தைச் சிறு சிறு மாற்றங்களோடு செய்துகொண்டே இருந்தன. லக் எனப்படும் மூட்டுறைகளில் குழாய்களைச் செருகிப் பித்தளையால் பற்றவைத்த சட்டம், பால்ஸ்களைத் தனித்தனியே எடுத்துக் கழுவி மாற்றக்கூடிய பேரிங், சாதாரணக் கருவிகளால் திறக்கக்கூடிய ஹப் எனும் சக்கர மையம் என்று எல்லாமே பிரித்துப் பார்க்கவும் திரும்பக் கோர்க்கவும் உகந்தவை. 1936-இல் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப், அந்த நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தைவானியரின் கைக்கு மாறிய பிறகும் உற்பத்தியில் தொடர்ந்தது. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரோட்ஸ்டர் ஒன்றை வேகத்துக்காக யாரும் வாங்குவதில்லை. தன் கையால் முழுவதும் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் இயந்திரம் என்பதே அதன் ஈர்ப்பு. ஆனால் எளிதில் பிரிக்கலாம் என்பதே யோசிக்காமல் பிரிக்கவும் தூண்டுகிறது.

பேட்ஜைப் பார்த்து விலை பேசுவது

முதல் தவறு பணம் கொடுக்கும் முன்பே நடந்துவிடுகிறது. தலைக்குழாயில் உள்ள பேட்ஜ் சைக்கிளின் பெயரைச் சொல்லுமே தவிர, அது எங்கே பிறந்தது என்பதைச் சொல்லாது. ராலி நிறுவனம் 1932-இல் ஹம்பர் சைக்கிள் பெயரையும் 1943-இல் ரட்ஜ் பெயரையும் வாங்கியது. 1960-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் (டி.ஐ.) குழுமத்தின் சைக்கிள் தொழிலும் ராலியும் ஒன்றிணைந்த பின், ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்ற பர்மிங்காம் பகுதிப் பெயர்களும் நாட்டிங்காமில் செய்த சைக்கிள்களில் ஏறின. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்தது, வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலி ஆலை இருந்தது. இவற்றில் பல, கெட்டியான, மதிக்கத்தக்க சைக்கிள்கள். ஆனால் நாட்டிங்காம் விலை கொடுத்து அம்பத்தூர் சைக்கிளை வாங்குவது ஏமாற்றம்தான். பேட்ஜை மாற்றுவது எளிது. ஆகவே ஹப் கூடு, ரிம், செயின் சக்கரம், பிரேக் லீவர், ஹாண்டில்பார் ஆகியவற்றில் பதித்துள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். ராலியின் செயின் சக்கரத்தில் நாரை உருவமும், ரட்ஜின் சக்கரத்தில் விரித்த கையும், ஹம்பரின் சக்கரத்தில் மனித உருவங்களும் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரின் முன் ஃபோர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய்களால் ஆனதாக இருந்தால், அது பேட்ஜைவிட நம்பத்தக்க சாட்சி.

வயதைக் கணிப்பதிலும் இதே போன்ற அவசரம் உண்டு. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் கூட்டில் உற்பத்தி ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், பிற்கால ஹப்களில் மாதமும் பதிக்கப்பட்டிருக்கும். 63 என்ற எண்ணைக் கண்டவுடன் சைக்கிள் 1963-ஐச் சேர்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஹப்பின் வயது மட்டுமே. பின்சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். பிரேக் வகை, பெயிண்ட், சட்ட எண் ஆகியவையும் அதோடு ஒத்துப்போனால்தான் அந்த ஆண்டை நம்பலாம்.

இனி, சட்டம் வளையாமல் நேராக இருக்கிறதா என்று சோதிக்காமல் வாங்குவது. தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே மெல்லிய புடைப்போ, பெயிண்டில் குறுக்குச் சுருக்கமோ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எப்போதோ எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது. துரு பிடித்த ரிம்மை மாற்றிவிடலாம். நசுங்கிய குழாய்க்கு வைத்தியம் குறைவு. அதேபோல் செயின் கவர், பிரேக் கம்பிகளின் சிறு இணைப்புகள், விளக்குத் தாங்கி போன்றவை இல்லாத சைக்கிளை மலிவு என்று எண்ணக் கூடாது. ஜான் மார்ஸ்டனின் சன்பீம் சைக்கிளில் செயின் எண்ணெய்க்குள் ஓடும் மூடிய உறை இல்லையென்றால், அதன் பெருமையில் பாதி போய்விட்டது. உதிரிகளைத் தேடி வாங்கும் செலவு சைக்கிளின் விலையையே தாண்டிவிடும்.

புதிதாக்கும் ஆசை

என் கணிப்பில் தவறுகளிலேயே பெரியது இதுதான். ஒரு சைக்கிள் ஆலையிலிருந்து வந்த நிலையில் ஒருமுறைதான் இருக்க முடியும். கருப்பு எனாமல், அதன்மேல் இழுத்த பொன்னிறக் கோடுகள், வார்னிஷுக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ள பெயர், சின்ன எழுத்துத் தாள்கள் ஆகியவை ஒருமுறை போனால் நகலைத்தான் வைக்க முடியும். மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் செய்த சட்டம் தூரத்தில் பளபளக்கும். அருகில் பார்த்தால் லக்குகளின் கூர்மையான விளிம்புகள் தடித்த பூச்சில் மழுங்கியிருக்கும். சேகரிப்பாளர்கள் நடுவே, தேய்ந்திருந்தாலும் அசல் பெயிண்டோடு இருக்கும் சைக்கிளுக்கே மதிப்பு அதிகம். பெயிண்ட் பெரும்பகுதி உதிர்ந்து, உலோகம் அரிக்கப்படும் நிலையில் இருந்தால் மட்டுமே மறுபூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும்.

துடைப்பதிலும் கவனம் தேவை. பெட்ரோல், தின்னர் போன்றவை எழுத்துத் தாள்களைக் கரைத்துவிடும். அழுத்தித் தேய்த்தால் சோப்புத் தண்ணீரே பொன்னிறக் கோட்டை எடுத்துவிடும். எதைப் பூசினாலும் சீட்டுக்கு அடியிலோ மட்கார்டின் உள்பக்கத்திலோ சிறு இடத்தில் முதலில் சோதிக்க வேண்டும். குரோம் பூச்சின்மேல் உப்புத்தாளோ முரட்டு இரும்பு நாரோ படவே கூடாது. அவை விடும் கீறல்கள் வழியேதான் அடுத்த துரு வரும். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேலாகப் படிந்த துரு போய்விடும், குரோம் கீறாது, ஏனெனில் அலுமினியம் குரோமைவிட மென்மையானது. ஏறத்தாழ 1930-க்கு முந்தைய சைக்கிள்களில் இருப்பது நிக்கல். அதன் நிறத்தில் இளம் மஞ்சள் சாயல் இருக்கும். அதைக் கறை என்று நினைத்துக் குரோம் பூசக் கொடுப்பவர்கள் உண்டு. ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைக்கும் முறை துருவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, துத்தநாகம் பூசிய ஸ்போக்ஸ் கம்பிகளை அதில் போட்டால் பூச்சு கரைந்து மங்கிவிடும்.

பிரிக்கும்போது நேர்பவை

இங்கிலாந்து சைக்கிள்களில் பெடல் அச்சுக் கூட்டின் மரை பொதுவாக அங்குலத்துக்கு 24 சுற்று. நாட்டிங்காமில் செய்த ராலியில் மட்டும் அது 26. பால்ஸ்கள் உருளும் கிண்ணமான பழைய கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் கிடைத்த புதிய கப்பைத் திருகினால், இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும், வலுக்கட்டாயமாகத் திருகினால் சட்டத்தின் மரையே அழியும். மேலே சொன்ன பேட்ஜ் குழப்பம் இங்கேதான் வினையாகிறது: 1950களின் ஹெர்குலிஸுக்குப் பொருந்தியது 1960களின் பிற்பகுதி ஹெர்குலிஸுக்குப் பொருந்தாமல் போகலாம். தேயாத கப்புகளைக் கழுவி, பால்ஸ்களை மட்டும் புதிதாகப் போட்டுக் கிரீஸ் வைப்பதே பெரும்பாலும் போதும். வலப்பக்கக் கப் இடஞ்சுழி மரை கொண்டது என்பதை மறந்து வழக்கமான திசையில் திருகுகிறவர்கள் அதை மேலும் இறுக்குகிறார்கள். அதைக் கழற்றாமலே துணியால் உள்ளே துடைத்துவிடலாம்.

காட்டர் பின்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பிணைக்கும் இந்த ஆப்பு வடிவப் பின்னைக் கழற்றத் தெரியாமல் கெட்ட சைக்கிள்கள் ஏராளம். நட்டை முழுவதும் எடுத்துவிட்டு மரையின்மேல் சிறு சிறு அடியாகத் தட்டினால் மரை நசுங்கி, பின் வளைந்து, துளைக்குள் இறுகிவிடும். கிராங்குக்கு அடியில் முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பேரிங்குக்குப் போய்க் கப்பில் குழி விழும். சரியான முறை இது: நட்டைத் தளர்த்தி, அதன் மேல்விளிம்பும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி விட வேண்டும். பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவுக்குத் துளையுள்ள ஓர் இரும்புக் குழாயைக் கிராங்குக்குக் கீழே, நேராகச் சிமெண்ட் தரையில் ஊன்றி முட்டுக் கொடுக்க வேண்டும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, கனமான சுத்தியலால் ஒரே உறுதியான அடி அடிக்க வேண்டும். கிராங்குக்கென்று உள்ள அழுத்துக் கருவி கிடைத்தால் சுத்தியலே வேண்டாம். ராலிக்கு 9.5 மி.மீ. பின் தேவை, 9 மி.மீ. பின்னைப் போட்டால் ஆடும். இரு பக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லையேல் இரண்டு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் அமையாது.

ஹப், டைனமோ, சீட்

கியர் ஹப் சுழலவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பழைய எண்ணெய் பசையாக உறைந்து, உள்ளே உள்ள சிறு நாக்குகளை ஒட்டவைத்திருக்கும். துருஇளக்கியை விட்டுச் சுற்றிச் சுற்றி விட்டாலே பல ஹப்கள் உயிர்பெறும். ஹப் கூட்டில் சிறு மூடியோடு எண்ணெய்த் துளை இருக்கிறது. அதில் விட வேண்டியது எஸ்.ஏ.இ. 20 போன்ற மெல்லிய எந்திர எண்ணெய். கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டால் நாளடைவில் மீண்டும் அதே பசைதான். நாக்குகளின்மேல் கிரீஸ் அப்பவும் கூடாது.

கியர் கம்பியைக் கண்மதிப்பில் முறுக்குவது ஆபத்தானது. ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் இடையே எதுவும் பிடிக்காத வெற்றிடம் ஒன்று உண்டு. கம்பி சரியாக அமையாவிட்டால், எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் பெடல் திடீரென்று வெறுமையாகச் சுழன்று, ஓட்டுபவர் பார்மேல் விழுவார். இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் சிறு துளை வழியே பார்த்தால், சிறு கியர்ச் சங்கிலியோடு இணைந்த கம்பியின் தோள் அச்சின் முனையோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

சக்கரத்திலேயே மின்சாரம் தரும் டைனோஹப் இருந்தால் அதை ஆவலுக்காகப் பிரிக்கவே வேண்டாம். காந்த வளையத்தை நடுவிலுள்ள சுருளிலிருந்து தனியே எடுத்தால் காந்த சக்தி குறைந்துபோகும். எடுத்தே தீர வேண்டுமென்றால், காந்தம் வெளிவரும்போதே அதற்குள் இரும்பு வளையம் ஒன்று நுழைந்துகொண்டே வர வேண்டும்.

தோல் சீட்டுகளில் பெரும்பான்மை, பர்மிங்காமில் 1866-இல் தொழில் தொடங்கிய புரூக்ஸ் செய்தவை. எண்ணெயில் ஊறவைத்தால் தோல் மென்மையாகும் என்பது உண்மை. மென்மையானபின் தொட்டில்போல் தொங்கிவிடும் என்பதும் உண்மை. தோலுக்கான மெழுகை மெலிதாகப் பூசினால் போதும். மூக்குப் பகுதியிலுள்ள இறுக்கும் நட்டைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை; காய்ந்த தோலை அதனால் இழுத்தால் ரிவெட்டுகளின் ஓரத்தில் கிழியும்.

ஓட்டுவதற்கு முன்

டயர் வாங்கும்போது அங்குல அளவை மட்டும் நம்பக் கூடாது. 26 x 1 3/8 என்பதன் விளிம்பு விட்டம் 590 மி.மீ.; 26 x 1 1/4 என்பது 597; மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் விறைப்பான இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக்) கொண்ட ரோட்ஸ்டரின் 28 x 1 1/2 டயர் 635 மி.மீ. விட்டம் கொண்டது, நம் ஊர்ச் சைக்கிள்களுக்கும் அதே அளவு என்பதால் தமிழ்நாட்டுக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும்.

கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தை நோக்கி மேலே இழுக்கப்படுபவை. ஆகவே சக்கரத்தின் கோட்டம் எடுக்காமல் பிரேக்கை முறுக்குவது வீண்வேலை: ஓரிடத்தில் உரசும், இன்னோரிடத்தில் பிடிக்காது. எல்லாம் சரியாக அமைந்தாலும், குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மழையில் இந்தச் சைக்கிளை நகர நெரிசலுக்குள் கொண்டுபோவது வீரமல்ல.

அதற்காக ஓட்டாமலே சுவரில் மாட்டிவைப்பதும் பாதுகாப்பாகாது. நின்றே கிடக்கும் சைக்கிளில் கிரீஸ் இறுகும், ஹப் எண்ணெய் ஒரு பக்கமாக வடியும், காற்றிறங்கிய டயர் மடிந்த இடத்தில் வெடிப்பு விடும். வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும். முதல் ஓட்டம் முடிந்ததும் காட்டர் பின்கள் தம் இடத்தில் இன்னும் சற்று அமர்ந்திருக்கும். அவற்றை மீண்டும் ஒருமுறை முட்டுக் கொடுத்துத் தட்டி நட்டுகளை இறுக்கிய பிறகே அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்ப வேண்டும்.